சானடோரியத்தில் இறங்கிப் பாருங்கள்!

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மெரினா, மகாபலிபுரம், தி.நகர் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். என்னிடம் மாட்டிக்கொண்டால் முதலில் மின்சார ரயில்தான். குரோம்பேட்டை தாண்டி, தாம்பரத்துக்கு முந்தின நிலையத்தில் இறக்கிவிடுவேன். தாம்பரம் சானடோரியம். "ஏன் அண்ணி, ஆஸ்பத்திரியைச் சுத்திக் காட்டவா கூட்டிட்டு வந்தீங்க?" என்று மதுரை நாத்தனார் கேட்டாள். ஆமாம், அதுக்குத்தான்! இருமலுக்கு வைத்தியம் பார்த்த இடம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராகிப்போன ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தினமும் லட்சம் பேர் அந்தப் பெயரைக் கடந்து போகிறார்கள். ஒருவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அது தாங்குவதில்லை.

நான் நாள்பட்ட இருமல்காரி. சேலையூரில் வீடு, கணக்கு டீச்சர் வேலை, தொண்டையில் வருஷக்கணக்காகக் குடியிருந்த இருமல். இப்போது அந்த இருமல் அடங்கி, அதன்மேல் வந்த ஆர்வம் மட்டும் அடங்காமல் நிற்கிறது. மற்றவர்கள் ஐபிஎல் பார்க்கிற வேகத்தில் நான் இருமல் மருந்துகளின் சோதனை முடிவுகளைப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த வைத்தியத்தில் நடக்கிற அதிசயங்களைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்களும் உட்கார்ந்து கேட்பீர்கள்.

முதலில் இந்த இடத்தின் கதை. டேவிட் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய்க்காரர்களுக்கு ஒரு சானடோரியம் நடத்தினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. திறந்த காற்று, நல்ல சாப்பாடு, மூச்சுப் பயிற்சி, அளவான உடலுழைப்பு, இவைதான் அவருடைய மருந்துப் பெட்டி. 1914-ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன 'நெவாசா' கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917-ல் ராமானுஜனுக்கு உடம்பு படுத்தியபோது கொண்டுபோய்ச் சேர்த்ததும் இவருடைய சானடோரியத்தில்தான். கணக்கு டீச்சருக்கு இதைப் படித்ததும் புல்லரிக்காமல் என்ன செய்யும்? (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்று என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அது தனிக் கதை.)

அந்த மனிதர் ஊர் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் வாங்கி, 12 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் நம் சானடோரியம். நல்ல காற்று என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடம்! ஜி.எஸ்.டி. சாலையின் புகையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள். எச்.ஐ.வி. என்றால் வீட்டுக்காரர்களே கைவிட்ட காலத்தில், 1993-லிருந்து அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட இடமும் இதுதான். 2004 ஏப்ரலில் நாட்டில் அதற்கான இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்க ஆரம்பித்த முதல் சில அரசு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இங்கிருந்து கொஞ்சம் வடக்கே, சேத்துப்பட்டில் நடந்தது. 1956-ல் அங்கே ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பில் இருந்தார். அவர்கள் கேட்ட கேள்வி எத்தனை துணிச்சலானது, பாருங்கள்: சானடோரியம் தேவையா?

அதற்குள் ஐசோனியாசிட், பாஸ் என்ற மாத்திரைகள் வந்துவிட்டன. சென்னையின் நெருக்கடியான ஏழை வீடுகளிலிருந்து நோயாளிகளை எடுத்து, சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் படுக்கை ஓய்வும் நல்ல சாப்பாடுமாக ஒரு வருஷம். மறுபாதி வீட்டிலேயே, வேலைக்குப் போய்க்கொண்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மாத்திரை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. அந்த முடிவைப் பார்த்து உலகின் பல நாடுகளில் சானடோரியங்களின் காலம் முடிந்துபோனது. நம் சேத்துப்பட்டு சொன்னதைக் கேட்டு! இதைப் பாடப்புத்தகத்தில் ஏன் வைக்கவில்லை என்று நான் ஆசிரியர் அறையில் கேட்காத நாள் இல்லை. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க் கதை இன்னும் ஓடுகிறது: மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு 20 மாதம் வரை இழுத்த சிகிச்சை, 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த புதிய மாத்திரைக் கூட்டில் 6 மாதமாகச் சுருங்கியிருக்கிறது.

என் இருமல் காசநோய் இல்லை. அதை முதலில் உறுதி செய்துகொண்டோம். இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால்தான் நாள்பட்ட இருமல் என்று பெயர். எனக்கு எட்டு வாரம் என்பது தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்துப் பொங்கலுக்குள் தாண்டிப்போனது. அப்புறம் எத்தனையோ பொங்கல்.

அந்த வாழ்க்கை எப்படி என்று இருமாதவர்களுக்குப் புரியாது. கரும்பலகையில் ஒரு தேற்றத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்த வேண்டும். கச்சேரிக்குப் போனால் கடைசி வரிசை, அதுவும் கதவோரம். கொரோனா சமயத்தில் பஸ்ஸில் ஒரு தடவை இருமினால் போதும், பக்கத்து இருக்கை காலி. இன்னொன்றும் உண்டு, பெண்கள் வாய்விட்டுச் சொல்லாதது. விடாமல் இருமும்போது சிறுநீர் கசியும். அதற்குப் பயந்து கல்யாணத்துக்குப் போகாதவர்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். நாள்பட்ட இருமலுக்கான பெரிய மருந்துச் சோதனைகளில் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள், பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். அதைப் படித்தபோது, நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்கே அந்த ஆராய்ச்சியாளர்களுக்குக் கோயில் கட்டலாம்.

காரணம் தேடுவது ஒரு துப்பறியும் வேலை. மூக்கடைப்பில் சளி பின்னால் தொண்டைக்கு இறங்குகிறதா? இளைப்பே இல்லாமல் இருமலாக மட்டும் வருகிற ஆஸ்துமாவா? வயிற்று அமிலம் மேலே வருகிறதா? ரத்தக் கொதிப்பு மாத்திரையா? சிட்லபாக்கத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கடைசியில் சொன்னதுதான் காரணம். எனாலப்ரில் குடும்பத்து மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். வேறு வகை மாத்திரைக்கு மாற்றியதும் கொஞ்ச நாளில் நின்றது. அதற்கு முன் அவர் வாங்கிக் குடித்த சிரப் பாட்டில்களை வரிசையாக வைத்தால் சேலையூர் ஏரிக்கரை வரை போகும்.

சிரப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் உற்சாகத்தில் அவற்றுக்கு இடமில்லை. 2025 அக்டோபரில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். கடையில் கையை நீட்டி "இருமலுக்கு ஒரு பாட்டில் கொடுப்பா" என்று வாங்கும் பழக்கத்தை அன்றோடு எங்கள் தெருவே விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

எனக்கு எக்ஸ்ரே சுத்தம், ஸ்கேன் சுத்தம், மூக்கு சரி, வயிறு சரி. "ஒண்ணும் இல்ல மேடம், மனசுதான்" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். அதற்கப்புறம் கிடைத்தவர்தான் என் நெஞ்சக மருத்துவர். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு படம் வரைந்தார். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, குரல்வளை, மூச்சுக்குழாய், இதயம், வயிறு என்று போகிற வேகஸ் நரம்பு. அதன் ஒரு சின்னக் கிளை காதுக்குள்ளும் போகிறதாம். "காது குடையும்போது இருமல் வருமா, டீச்சர்?" என்றார். வரும்! இத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்டதில்லை!

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. திருடன் வந்தால் குரைக்க வேண்டிய நாய், காகம் உட்கார்ந்தாலும் குரைக்கிறது. புரை ஏறாமல் காப்பாற்ற வேண்டிய நரம்பு, மிளகாய் தாளிக்கிற வாசனைக்கும், ஏசிக் காற்றுக்கும், சிரிப்புக்கும், ஏன், பேச ஆரம்பித்தாலே கூட உசுப்பிவிடப்படுகிறது. இதற்கு இருமல் மிகையுணர்வு என்று 2014-ல் ஐரோப்பிய நுரையீரல் மருத்துவர்கள் ஒரு வரையறையே கொடுத்துவிட்டார்கள். அதாவது, இருமல் இன்னொரு நோயின் அறிகுறி என்ற நிலை போய், அதுவே ஒரு நோய் என்றாகிவிட்டது. நோய் என்றால் சிகிச்சை உண்டு. என் முப்பது வருஷ ஆசிரியர் வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒரு நிரூபணத்தை யாரும் எனக்கு வரைந்து காட்டவில்லை.

சிகிச்சை என்று அவர் எழுதிக் கொடுத்தது மாத்திரை இல்லை. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் போகச் சொன்னார்! திக்குவாய்க்கும் பக்கவாதத்துக்கும் போகிற இடம் என்று நினைத்திருந்தேன். என் பெண் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லித்தரவில்லை, என்னைப் பேசவிட்டுக் கேட்டாள். நடுநடுவே நான் தொண்டையைச் செருமுவதை மட்டும் காகிதத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் காகிதத்தைக் காட்டினாள். எனக்குத் தலையைச் சுற்றியது. "ஒவ்வொரு செருமலும் குரல் நாணுக்கு ஒரு அடிம்மா. அடி வாங்கின இடம் இன்னும் கூசும். கூசினா இருமல் வரும்."

அப்புறம் வித்தை. இருமல் வருவதற்கு முன்னால் தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு அரிப்பு கிளம்பும். அந்த அரிப்பை அடையாளம் கண்டதும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல ஒரு மூச்சு. உதட்டைக் குவித்து ஊதி வெளியே. ஒரு மடக்குத் தண்ணீர், அழுத்தி விழுங்கு. மறுபடி ஊது. இருமல் இல்லாத நேரத்தில் இதைப் பழகி, இருமல் வரும் நேரத்தில் எடுத்து வீசவேண்டும். முதலில் சில விநாடிகள் தள்ளிப்போகும். பிறகு தள்ளிப்போன இருமல் வராமலே போய்விடும்! முதல் தடவை அது நடந்தபோது நான் சமையலறையில் நின்று கை தட்டினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று பார்த்தார்.

அதோடு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், காப்பியைக் குறைப்பது, கத்திப் பாடம் நடத்தாமல் வயிற்றிலிருந்து மூச்சு எடுத்துப் பேசுவது. கடைசிப் பரீட்சை என் வீட்டு அடுப்படியில். காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் தாளித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பாஸ்!

இது ஏதோ தாம்பரத்துக் கைவைத்தியம் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் ஆன் வெர்டிகன் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணரும் குழுவினரும் எந்த மருந்துக்கும் அடங்காத 87 இருமல்காரர்களை வைத்துச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்குப் பலன். பொதுவான ஆரோக்கிய அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 14 சதவீதம். வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பக்கவிளைவு இல்லை. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சித்தாப் பக்கமும் போகவேண்டும், சானடோரியம் வரை வந்துவிட்டோமே. நடக்கிற தூரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், 2005-ல் திறந்தது. மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர், அவரே சித்த மருத்துவர்தான். காலையில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் தாம்பரம் முழுக்கச் சளி பிடித்திருக்கிறதோ என்று தோன்றும். என் மாமியார் ஆடாதோடை மணப்பாகுக்கு அங்கேதான் போவார். அந்த ஆடாதோடை இலையிருக்கிறதே, அதன் பயணம் எனக்கு ஒரு போதை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வேதியியலாளர்கள் மாற்றிச் செய்ததுதான் புரோம்ஹெக்சின், 1960-களில் ஜெர்மனிக் கம்பெனி மருந்தாக விற்றது. புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறுவது ஆம்ப்ராக்சால். சளி இளக்க இன்று நம் மருந்துக்கடைகளில் விற்கிற சிரப்புகள் பலவற்றில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். வேலியோரத்து இலை ஜெர்மனி போய் நம் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது! போதாததற்கு ஆம்ப்ராக்சாலைப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்து பிரிட்டனில் பெரிய சோதனை நடக்கிறது. நியாயமாகச் சொன்னால், என்னைப் போன்ற நரம்பு இருமலுக்கு அந்த இலையும் உதவவில்லை, அது சளிக்கானது. இருந்தாலும் கொல்லையில் ஒரு செடி வைத்திருக்கிறேன், மரியாதைக்கு.

இப்போது எல்லாவற்றையும் விட ருசியான பகுதி. 1972-ல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்பவர், உடம்புக்குள் சக்தியைச் சுமக்கிற ஏ.டி.பி. என்ற பொருள் நரம்புகளுக்கிடையே செய்தியும் சுமக்கிறது என்றார். ரொம்ப நாள் அவரை யாரும் நம்பவில்லை. மூச்சுக்குழாயில் எரிச்சல் ஏற்பட்டால் அங்குள்ள செல்கள் ஏ.டி.பி.யை வெளியே விடுகின்றன. அது வேகஸ் நரம்பு முனைகளில் பி2எக்ஸ்3 என்ற பூட்டில் போய் உட்கார்ந்தால் இருமல். அந்தப் பூட்டை அடைத்துவிட்டால்? அதற்காக வந்த மாத்திரை கெஃபாபிக்சன்ட். 2015-ல் லான்செட் இதழில் வந்த சோதனையில் 24 பேர்தான். ஆனால் பகல்நேர இருமல் 75 சதவீதம் குறைந்தது. ஒலிப்பதிவுக் கருவியை உடம்பில் கட்டி ஒவ்வொரு இருமலாக எண்ணியிருக்கிறார்கள்! இருமலை எண்ணுவதற்கு ஒரு கருவி! எனக்கு ஒன்று வாங்கிக் கொடுங்களேன் என்று மருத்துவரிடம் கெஞ்சினேன்.

ஒரு வேடிக்கை, நாக்கின் சுவை நரம்புகளிலும் அதே குடும்பத்துப் பூட்டுதான். அதிக அளவு மாத்திரை போட்டவர்கள் எல்லோருக்கும் ருசி மாறிப்போனது. அளவைக் குறைத்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய இரண்டு பெரிய சோதனைகளில் பலன் சுருங்கியது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே இருமல் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, மருந்து அதைவிட 15 முதல் 18 சதவீதம்தான் கூடுதலாகக் குறைத்தது. ஜப்பானும் ஐரோப்பாவும் அனுமதித்தன. அமெரிக்க ஆலோசனைக் குழு 2023 நவம்பரில் 12-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மறுத்துவிட்டது. பலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் மாத்திரைக்கே இருமல் பாதி குறைகிறது என்றால், அந்த நரம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கிற மூளைக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது! என் பயிற்சி ஏன் வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அடுத்து கேம்லிபிக்சன்ட் வரிசையில் நிற்கிறது. இருமல் பூட்டை மட்டும் அடைத்து சுவைப் பூட்டை விட்டுவிடும்படி செய்த மாத்திரை, மூன்றாம் கட்டச் சோதனைகளுக்குப் போயிருக்கிறது. அதை வைத்திருந்த கனடா கம்பெனியை 2023-ல் ஜிஎஸ்கே 200 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நுரையீரல் தழும்பேறிப் போனவர்களின் இருமலுக்கு மிகக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்துப் பார்த்து, 39 சதவீதம் குறைந்ததாக 2024-ல் பிரிட்டனில் வெளியிட்டார்கள்.

போன தடவை மருத்துவரைப் பார்க்கப் போனபோது இந்தக் கேம்லிபிக்சன்ட் எப்போது நம் ஊருக்கு வரும் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் இருமலே இல்லையே டீச்சர், எதுக்கு?" என்றார். சும்மாத் தெரிந்துகொள்ளத்தான் என்றேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்து அடக்கி அடக்கி இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தனை வாரமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முறை வரும்வரை விடவில்லை.